இந்த மெட்டு முதலில் யாருடையது? பாப் பாடல்களின் மூலத்தைத் தேடிச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

“இந்தப் பாட்டு பாக்கிடமிருந்து (பழைய ஜெர்மன் இசையமைப்பாளர்) சுட்டது” என்று ஒருவர் சொன்னால் அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. எடுத்தார்கள் என்பது ஒன்று. எடுத்ததை மறைத்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நல்ல காதும் ஒரு ஆர்மோனியமும் இருந்தால் சரிபார்த்துவிடலாம். இரண்டாவதற்கு ரிகார்டு லேபிளையும் பதிப்புரிமைப் பதிவையும் இசையமைப்பாளர் கொடுத்த பேட்டியையும் தேடிப் போக வேண்டும். பலரும் முதலாவதை நிரூபித்ததும் இரண்டாவதும் நிரூபணமாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம். வெளிப்படையாக எடுத்தவர் திருடர் என்று பெயர் வாங்குகிறார். உண்மையிலேயே பறிகொடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாமல் போகிறது.

இந்த வழிகாட்டி மேற்கத்திய பாப் பாடல்களைப் பற்றியது. நோட்டு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸரிகம தெரிந்தால் போதும்.

படி 1: எது ஒரே மாதிரி இருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“அதே மாதிரி இருக்கே” என்று தோன்றுவது பல காரணங்களால் இருக்கலாம். பாடும் மெட்டு ஒன்றாக இருக்கலாம். மெட்டு வேறாக இருந்து, பின்னால் வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசை மட்டும் ஒன்றாக இருக்கலாம். தாளக்கட்டு ஒன்றாக இருக்கலாம். இவை எதுவுமே ஒத்துப்போகாமல், ஆர்கன் வாசித்த விதமும் அந்த ஒலியும் மட்டும் பழைய ஒன்றை நினைவூட்டலாம்.

கடைசி வகைக்கு நல்ல உதாரணம் புரோகோல் ஹேரம் குழு 1967-ல் வெளியிட்ட ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’. அது பாக்கின் மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் வரும் ‘ஏர்’ என்ற பகுதியின் நகல் என்று சொல்லாத ஆளே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் பேஸ் (அடியில் ஒலிக்கும் சுரம்) படிப்படியாகக் கீழே இறங்குகிறது. அதன்மேல் மெட்டு நிதானமாக நீண்டு மிதப்பதும் ஒரே மாதிரிதான். ஆனால் சுரத்துக்குச் சுரம் பொருத்திப் பார்த்தால் சில நொடிகளிலேயே இரண்டும் பிரிந்து வெவ்வேறு வழியில் போகின்றன. பாக்கின் பாணியில் புதிதாக எழுதப்பட்ட மெட்டு அது. அந்தப் பாட்டுக்கு வழக்கு வந்தது உண்மைதான். அதைத் தொடுத்தவர் அந்த ஆர்கனை வாசித்த மேத்யூ ஃபிஷர். பாட்டின் இசையில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் கேட்டார். பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2009-ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாக்கைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அத்தனை வருடமும், பாட்டின் அடையாளமான அந்த ஆர்கனை உருவாக்கியவரின் பெயர் உரிமைப் பதிவில் இல்லாமலே இருந்தது.

சாம்பிள் எடுப்பது தனிக் கதை. அங்கே மெட்டை மட்டும் எடுப்பதில்லை, பழைய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டுகிறார்கள். அமெரிக்க ராப் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் குழாமிலிருந்து 2002-ல் வந்த ‘அடிக்டிவ்’ பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரல் அப்படியே ஓடும். அது பப்பி லஹிரி இசையமைத்த இந்திப் பாட்டு. அவர் பெயரைப் போடாததால் விவகாரம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. இந்த வகையில் சுரம் எழுதிப் பார்க்க வேண்டிய வேலையே கிடையாது. குரல் அதே குரலா என்பதுதான் கேள்வி.

படி 2: இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து சுரம் எழுதுங்கள்

மெட்டுதான் ஒன்று என்று தோன்றினால் இதுதான் முக்கியமான வேலை. இரண்டு பாட்டும் வேறு வேறு சுருதியில் இருக்கும். எது ‘ஸ’ என்று கண்டுபிடித்து இரண்டையும் ஸரிகமவில் எழுதினால் சுருதி வித்தியாசம் தானாகவே மறைந்துவிடும். பார்லோ, மார்கன்ஸ்டர்ன் என்ற இருவர் 1948-ல் வெளியிட்ட இசைக்கருக்களின் அகராதி செய்ததும் இதுதான். பத்தாயிரம் அளவில் மேற்கத்திய மெட்டுகளை ஒரே சுருதிக்கு மாற்றி அகரவரிசையில் அடுக்கினார்கள்.

ஒன்றைச் செய்தே பார்க்கலாம். பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிற ‘மினுவெட் இன் ஜி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கராபரண சுரங்களில் அதன் முதல் இரண்டு அடிகள் இப்படி வரும்:

ப – ஸ ரி க ம | ப – ஸ – ஸ
த – ம ப த நி | மேல் ஸ – ஸ – ஸ

இப்போது தி டாய்ஸ் என்ற பெண்கள் குழு 1965-ல் பாடிய ‘எ லவர்ஸ் கான்செர்ட்டோ’வின் முதல் வரியைக் கேளுங்கள். அதே சுரங்கள், அதே வரிசை. மினுவெட் மூன்று தட்டு, நடனத்துக்கு எழுதியது. பாட்டு நான்கு தட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். தாளம் மாறியதால் நடை முழுக்க வேறாகிவிடுகிறது. அதனால்தான் எத்தனையோ முறை கேட்டவர்கூட உடனே கண்டுபிடிப்பதில்லை. எனவே சுரம் எழுதும்போது முதல் சுற்றில் நீளத்தை விட்டுவிடுங்கள். சுரங்களின் வரிசையை மட்டும் எழுதி ஒப்பிடுங்கள். பிறகு தாளத்தைச் சேர்த்து இன்னொரு முறை பாருங்கள்.

சுரமும் பிடிபடவில்லையா? இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. டெனிஸ் பார்சன்ஸ் 1975-ல் ஒரு நூலில் கொடுத்தது. ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலே போகிறதா, கீழே போகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன மினுவெட்டின் முதல் அடி: கீழே, மேலே, மேலே, மேலே, மேலே, கீழே, அதே. இரண்டாவது அடியையும் எழுதிப் பாருங்கள், அச்சு அசலாக அதே வரும். இந்தக் குறிப்பு மட்டுமே சாட்சியாகாது. தேட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய இசைத்தாள்களுக்கு ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இலவச இணைய நூலகம் இருக்கிறது. உரிமைக்காலம் முடிந்த நோட்டுகள் அங்கே குவிந்துகிடக்கின்றன. காதில் கேட்டதை அங்கே ஒருமுறை சரிபார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

படி 3: அது எல்லோருக்கும் பொதுவான சரக்கா என்று பாருங்கள்

ஒற்றுமை உறுதியானதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஒற்றுமை வேறு எத்தனை பாட்டில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கல்பெல்லின் ‘கானன்’ எட்டு கார்டுகளின் சுழற்சி. ‘ஸ’வை ஒன்று என்று எண்ணினால், முதல் படி, ஐந்து, ஆறு, மூன்று, நான்கு, ஒன்று, நான்கு, ஐந்து என்று போய் மறுபடி தொடங்கும். இதே வரிசையோ இதற்கு மிக நெருங்கியதோ நூற்றுக்கணக்கான பாப் பாடல்களில் இருக்கிறது. அதில் 1968-ன் ‘ரெய்ன் அண்ட் டியர்ஸ்’ போன்ற சில பாடல்கள் தெரிந்தே கானனை எடுத்து ஆண்டவை. மற்றவற்றை எழுதியவர்கள் கிட்டாரில் விரல் போன போக்கில் போய் அங்கே சேர்ந்தவர்கள். கார்டு வரிசை மட்டும் ஒத்துப்போனால் ‘எடுத்தார்’ என்று எழுதாதீர்கள். மெட்டிலோ அமைப்பிலோ இன்னொரு சாட்சி வேண்டும்.

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ வழக்கும் இங்கேதான் வந்து நின்றது. 1971-ல் வந்த அந்தப் பாட்டின் தொடக்கம், ஸ்பிரிட் குழுவின் 1968-ஆம் ஆண்டு ‘டாரஸ்’ வாத்திய இசையிலிருந்து வந்தது என்று புகார். இரண்டிலும் மைனர் கார்டின்மேல் பேஸ் அரை அரைச் சுரமாக இறங்கும். அப்படி இறங்குவது பல நூற்றாண்டுகளாக இசையில் புழங்குகிற ஒன்று என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2016-ல் ஜூரி லெட் செப்பலின் பக்கம் சொன்னது. மேல்முறையீடெல்லாம் முடிந்து 2020-ல் அதுவே நிலைத்தது. என்னைக் கேட்டால் அது சரியான தீர்ப்பு. அந்த இறக்கத்துக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியும் என்றால் நாளைக்குக் கிட்டாரைத் தொடவே பயமாக இருக்கும்.

எட்டுச் சுரங்களை வைத்து பன்னிரண்டு இடங்களை நிரப்பினால் எத்தனை மெட்டு வரும்? சுமார் 6,872 கோடி. டேமியன் ரீல், நோவா ரூபின் என்ற இருவர் கணினியை வைத்து அத்தனையையும் உருவாக்கி, வழக்குகளுக்கு ஒரு பதிலாக 2020-ல் பொதுவில் விட்டார்கள். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பாட வாகாக, காதுக்கு இதமாக இருப்பவை அதில் சிறு பங்குதான். உலகம் முழுக்க அந்தச் சிறு பங்குக்குள்தான் பாட்டு எழுதுகிறார்கள். மோதல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 4: தேதிகளைச் சரிபாருங்கள்

பழைய இசைதானே, அதனால் புதியவர் கேட்டிருப்பார் என்று நினைப்பது தவறு. பாக்கல்பெல் பதினேழாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய கானன் 1919-ல்தான் அச்சானது. 1968-ல் ழான்-பிரான்சுவா பயார் குழு செய்த பதிவுக்குப் பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்று கானன் மாதிரி இருந்தால், அதை எழுதியவருக்கு கானன் தெரிந்திருக்க அனேகமாக வாய்ப்பில்லை.

இதைவிடச் சுவையான சிக்கல் ‘அல்பினோனியின் அடாஜியோ’. அல்பினோனி பாக் காலத்து வெனிஸ் இசையமைப்பாளர். எத்தனையோ படங்களும் பாடல்களும் இந்தச் சோகமான மெட்டைப் பயன்படுத்தியிருக்கின்றன. முந்நூறு வருடத்துக்கு முந்தையது, யாருக்கும் பணம் தர வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அதை 1958-ல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர். அல்பினோனியின் துண்டுத்தாள் ஒன்றை வளர்த்தெடுத்ததாகச் சொன்னார். இன்று அது அவருடைய சொந்தப் படைப்பாகவே கருதப்படுகிறது. அவர் இறந்தது 1998-ல். இந்த ‘பழைய’ இசை இன்னும் உரிமைக்காலத்துக்குள் இருக்கிறது.

முன்பு பார்த்த மினுவெட்டுக்கும் இப்படி ஒரு திருத்தம் உண்டு. பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காகத் தொடங்கிய 1725-ஆம் ஆண்டு நோட்டுப்புத்தகத்தில் அது இருப்பதால், அவரே எழுதியதாக நீண்ட காலம் நம்பப்பட்டது. 1970-களில்தான் ட்ரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்டு எழுதியது என்று தெரிந்தது. ‘பாக்கிடமிருந்து எடுத்தார்கள்’ என்று டாய்ஸ் குழுவைச் சொல்பவர்கள் பெட்சோல்டின் பெயரை இன்னொரு முறை மறைக்கிறார்கள்.

படி 5: மறைத்தார்களா? பெயர்களைத் தேடுங்கள்

இப்போதுதான் ‘மறைத்தார்கள்’ என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம். பழைய இசைத்தட்டுகளின் லேபிள் படங்களை டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். இன்றைய உரிமைப் பதிவுகளை ஆஸ்காப், பி.எம்.ஐ. என்ற அமெரிக்க இசை உரிமை அமைப்புகளின் தேடுபக்கத்தில் பார்க்கலாம். அப்புறம், இசையமைப்பாளரின் பேட்டிகள். மூன்றையும் பாருங்கள். லேபிளில் பெயர் இல்லாமல் பேட்டியில் மனம்திறந்து சொன்னவர்கள் நிறையப் பேர்.

எரிக் கார்மனின் ‘ஆல் பை மைசெல்ஃப்’ 1975-ல் வந்தது. இருபது வருடம் கழித்து செலின் டியான் பாடி மறுபடி உலகமெங்கும் போனது. சரணத்தின் மெட்டு ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் நடுப்பகுதி. கார்மன் அதை ஒளிக்கவில்லை. இந்த இசை 1901-ஐச் சேர்ந்தது, உரிமைக்காலம் முடிந்திருக்கும் என்று நினைத்தார். அமெரிக்காவில் அது சரி. ஆனால் பல நாடுகளில் உரிமை இசையமைப்பாளரின் இறப்பிலிருந்து கணக்கிடப்படும். ரக்மானினோவ் இறந்தது 1943-ல்தான். வாரிசுகள் தரப்பு தொடர்பு கொண்டது. 12 சதவீத ராயல்டி என்று பேசி முடித்தார்கள். கேட்பவர்கள் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பல்லவி ரக்மானினோவுடையது இல்லை. கார்மன் தன் முந்தைய குழுவான ராஸ்பெரீஸுக்காக எழுதிய ‘லெட்ஸ் ப்ரிடெண்ட்’ பாட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டது. ‘முழுப் பாட்டும் காப்பி’ என்று சொல்வதற்கு முன் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எல்விஸின் ‘இட்ஸ் நவ் ஆர் நெவர்’ 1898-ன் நேப்பிள்ஸ் பாட்டான ‘ஓ சோலே மியோ’. ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காதல் பாட்டு. ‘எ க்ரூவி கைண்ட் ஆஃப் லவ்’ பியானோ மாணவர்களுக்கான கிளெமென்டியின் சொனாட்டினா என்ற சிறு பியானோ இசை. மூன்றிலுமே மூலம் ஊரறிந்தது.

சொன்னவர் வார்த்தையையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். பீட்டில்ஸின் ‘பிகாஸ்’ பற்றி ஜான் லெனன் சொன்னது இது: யோகோ ஓனோ பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவை வாசித்தார், அந்தக் கார்டுகளைத் தலைகீழாக வாசிக்கச் சொல்லி அதைச் சுற்றிப் பாட்டு எழுதினேன். இரண்டும் ‘சி ஷார்ப் மைனர்’ என்ற ஒரே சுருதி அமைப்பில்தான். கார்டை ஒரேயடியாக அடிக்காமல் சுரம் சுரமாக உதிர்க்கும் விதமும் ஒன்றுதான். ஆனால் சொனாட்டாவின் கார்டுகளைத் தலைகீழாக எழுதினால் இந்தப் பாட்டு வராது. தூண்டுதல் உண்மை, சொன்ன செய்முறை நோட்டில் பொருந்தவில்லை. இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

படி 6: தெரியாமல் எடுத்திருக்க முடியுமா?

முடியும். இதற்கு நீதிமன்றமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ 1970-ல் வந்தது. தி ஷிஃபான்ஸ் குழுவின் 1963-ஆம் ஆண்டு ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாட்டின் மெட்டு இது என்று வழக்கு. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே இசையமைப்பாளர். அவர் தீர்ப்பில் செய்த அலசலை நம் சுரங்களில் எழுதினால் இப்படி:

முதல் துண்டு: ப க ரி
இரண்டாவது துண்டு: ப த ஸ த ஸ

பழைய பாட்டில் முதல் துண்டு நான்கு முறை வரும், பிறகு இரண்டாவது துண்டு நான்கு முறை. ஹாரிசன் பாட்டில் முதல் துண்டு நான்கு முறை, இரண்டாவது மூன்று முறை. இரண்டு துண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஸ ரி க ப த. நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள். இந்தச் சுரங்கள் யாருக்கும் சொந்தமில்லை. தனித்தனியாகத் துண்டுகளிலும் புதுமை இல்லை என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த இரண்டு துண்டு, இந்த வரிசையில், இத்தனை முறை திரும்ப வருவது அபூர்வம் என்றார். அதைவிட வலுவான சாட்சி ஒரு சின்ன கமகம். இரண்டாவது துண்டின் தொடர் இரண்டாம் முறை வரும்போது ‘ப த ஸ த ரி ஸ’ என்று ஒரு ‘ரி’ வந்து விழும். இரண்டு பாட்டிலும் அதே இடத்தில். சுரம் எழுதும்போது இந்த மாதிரிச் சின்ன அசைவுகளைத்தான் தேட வேண்டும். பெரிய வடிவம் தற்செயலாக ஒத்துப்போகலாம். தேவையே இல்லாத ஒரு சின்ன அலங்காரம் அதே இடத்தில் வந்தால் அதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

1976-ல் தீர்ப்பு வந்தது: ஹாரிசன் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆழ்மனத்திலிருந்து வந்திருக்கிறது, ஆனாலும் அது மீறல்தான். கடைசியில் அவர் கட்ட வேண்டியிருந்தது 5,87,000 டாலர். ‘ஹீஸ் சோ ஃபைன்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, பிரிட்டனிலும் ஓடியது. ஹாரிசன் கேட்டிருக்கவே மாட்டார் என்று யாரும் வாதிட முடியவில்லை. நீங்களும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: புதியவர் பழையதைக் கேட்டிருக்க வழி இருந்ததா? வழியே இல்லையென்றால் எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும் வழக்கு நிற்காது.

படி 7: பெயர் தெரியாதவரைத் தேடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாக், ரக்மானினோவ் பெயர்களை நினைவில் வைக்க உலகமே இருக்கிறது. லேபிளில் ‘பாரம்பரியப் பாடல்’ என்றோ, வேறு எங்கும் காணாத ஒரு பெயரோ இருந்தால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

சாலமன் லிண்டா ஒரு ஸுலு பாடகர். ஜோகன்னஸ்பர்க்கின் காலோ நிறுவனத்தில் இசைத்தட்டுகளைக் கட்டும் வேலை பார்த்தவர். 1939-ல் தன் குழுவுடன் அங்கேயே ‘எம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதியில், ஆண்குரல்களின் சுழற்சிக்கு மேலே, அவர் உச்சக் குரலில் அந்த நொடியில் தோன்றியதைப் பாடுகிறார். சில நொடிகளே வரும் ஒரு மெட்டு. இணையத்தில் அந்தப் பதிவு கிடைக்கிறது, கடைசி வரை கேளுங்கள். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாட்டின் மெட்டு அங்கேதான் பிறக்கிறது.

அந்தத் தட்டு அமெரிக்காவுக்குப் போனது. நாட்டார் பாடகர் பீட் சீகர் அதைக் கேட்டு, கோரஸை ‘விமோவே’ என்று காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அவருடைய வீவர்ஸ் குழு 1951-ல் பதிவு செய்தது. எழுதியவர் ‘பால் கேம்ப்பெல்’ என்று போட்டார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது. பழைய நாட்டார் பாடல்களுக்கு உரிமை பதிய வைத்துக்கொண்ட புனைபெயர் அது. 1961-ல் தி டோக்கன்ஸ் குழு ஆங்கில வரிகளோடு பாடி முதலிடம் பிடித்தது. அடுத்த வருடமே லிண்டா வறுமையில் இறந்தார். உரிமையை 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்பது பரவலாகப் பதிவான செய்தி.

படி 2-ஐயும் 5-ஐயும் இந்தப் பாட்டில் செய்து பாருங்கள். சுர ஒற்றுமை முழுமை. வழி தெளிவாகத் தெரியும், ஒரே இசைத்தட்டு கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. பொதுச் சரக்கு என்று சொல்லவும் முடியாது, யார் எந்த ஸ்டுடியோவில் பாடினார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. இருந்தும் பல பத்தாண்டுகளாகப் பணம் வேறு பக்கம் போனது.

வழி திறந்துவிட்டது ஒரு பழைய சட்டம். தென்னாப்பிரிக்காவிலும் அமலில் இருந்த பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை ஒருவர் விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருடம் கழித்து அது வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விதி இருந்தது. லிண்டாவுக்கு அந்த வருடம் 1987. அதை வைத்து 2004-ல் வாரிசுகள் தரப்பில், அந்தப் பாட்டைத் தன் படத்தில் பயன்படுத்திய டிஸ்னி நிறுவனத்தின்மேல் தென்னாப்பிரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2006-ல் பாட்டின் உரிமை வைத்திருந்த பதிப்பகத்தோடு சமரசம் ஆனது. கடந்த காலத்துக்கு ஒரு தொகை, இனி வருவதில் பங்கு, ‘எம்பூபே’யிலிருந்து வந்த பாட்டு என்ற ஒப்புதல், இணை இசையமைப்பாளர் என்று லிண்டாவின் பெயர்.

டிஸ்காக்ஸில் இந்தப் பாட்டின் 1961 லேபிளையும், 2006-க்குப் பிந்தைய ஏதாவது ஒரு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களை ஒப்பிடுங்கள். நீங்கள் சந்தேகப்படும் அடுத்த பாட்டுக்கும் இதே போல முதல் லேபிளிலிருந்து தொடங்கலாம்.